தலை போன சிலையும் துக்கம் கேட்கப் போன பிரதமரும்

ஞாயிறு: ஃபேர்வியூ

கானலி ரயில் நிலையத்திலிருந்து ஃபேர்வியூ பூங்காவுக்கு பஸ் உண்டு. ஆனால் நடந்து போவதே சரி. டப்ளினில் அதிகம் திட்டு வாங்கிய சிலை அந்தப் பூங்காவில் நிற்கிறது. அது ஏன் திட்டு வாங்குகிறது என்பதற்கான காரணம் போகிற வழியிலேயே கிடைத்துவிடும்.

ஐந்து விளக்குக் கம்பம் நிற்கும் சந்திப்பைத் தாண்டியதும் நார்த் ஸ்ட்ராண்ட் சாலை தொடங்குகிறது. 1941 மே 31 அதிகாலை இரண்டு மணி வாக்கில் இங்கே ஒரு ஜெர்மன் குண்டு விழுந்தது. 28 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 90 பேர் காயமடைந்தார்கள், சுமார் 300 வீடுகள் இடிந்தோ விரிசல் விட்டோ போயின. அயர்லாந்து அந்தப் போரில் நடுநிலை நாடு. விமானி வழி தவறினானா, வேண்டுமென்றே போட்டானா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பிறகு மேற்கு ஜெர்மனி இழப்பீடு கொடுத்தது. சாலையோரத்துக் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் ஒரு சிறு நினைவுத் தோட்டம் இருக்கிறது. நான் நின்ற நேரத்தில் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அங்கிருந்து டோல்கா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பூங்கா, பூங்காவில் ஷான் ரஸல். குண்டு விழுந்த இடத்துக்கும் சிலைக்கும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

ரஸல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் போராடியவர். 1938இல் ஐ.ஆர்.ஏ.வின், அதாவது பிரிட்டனை எதிர்த்து ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையின், தலைமைத் தளபதியானார். மறு ஆண்டு ஜனவரியில் பிரிட்டனுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பிவிட்டு இங்கிலாந்து நகரங்களில் குண்டு வைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அந்த ஆகஸ்டில் கவென்ட்ரியின் கடைத்தெருவில் சைக்கிள் கூடையில் வைத்த குண்டு வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்காக பீட்டர் பார்ன்ஸ், ஜேம்ஸ் மெக்கார்மக் என்ற இருவரை 1940 பிப்ரவரியில் பர்மிங்காமில் தூக்கிலிட்டார்கள். அப்போது ரஸல் அமெரிக்காவில் இருந்தார். அங்கிருந்து இத்தாலி வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தார். ஜெர்மன் ராணுவ உளவுத்துறை அவருக்கு வெடிமருந்துப் பயிற்சி கொடுத்து, ஆகஸ்டில் நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி அயர்லாந்துக்கு அனுப்பியது. வழியில் குடற்புண் வெடித்து, கால்வேக்கு மேற்கே நூறு மைல் தொலைவில் இறந்துபோனார். உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள்.

சிலையை 1951இல் வைத்தார்கள். உயர்த்திய வலது கையோடு நின்றது. நாஜி வணக்கம் போல் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, ஐம்பதுகளிலேயே யாரோ அந்தக் கையை உடைத்தார்கள். 2004 கடைசியில் தலையே போனது. பாசிச எதிர்ப்புக் குழு ஒன்று பொறுப்பேற்றது. 2009இல் வெண்கலத்தில் புதிதாக வார்த்து நிறுத்தினார்கள். 2020இல் வானவில் நிறங்களைப் பூசிவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆண்டுதோறும் மாலையோடு வந்து வீரவணக்கம் செலுத்துகிறவர்களும் உண்டு. 2003 நிகழ்ச்சியில் பேசியவர் மேரி லூ மெக்டொனால்ட். பின்னாளில் சின் ஃபெயின் கட்சியின் தலைவரானவர்.

நாயோடு வந்த ஒரு பெரியவர் நான் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு நின்றார். அவருடைய தாயார் நார்த் ஸ்ட்ராண்டில் வளர்ந்தவராம். "அம்மாவுக்கு அந்தக் குண்டை மறக்க முடியவில்லை. இவரையும் வெறுக்கவில்லை. ஆங்கிலேயன் விட்டுப் போயிருந்தால் இவர் எதற்கு பெர்லின் போகப் போகிறார் என்பார்" என்றார். நாய் சிலையின் பீடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போனது.

நேதாஜி படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். போஸும் பெர்லினில் இருந்தார், ஹிட்லரைச் சந்தித்தார், நீர்மூழ்கிக் கப்பலில் பயணம் செய்தார். அவருடைய தேசிய ராணுவத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்தார்கள். ஆகவே ரஸலைப் பார்த்ததும் மூக்கைச் சுளிக்கிற உரிமை எனக்கு அவ்வளவு எளிதில் வராது. ஆனால் அவர் நாஜி அல்ல, உதவி கிடைக்கிற இடத்தில் வாங்கினார், அவ்வளவுதான் என்ற வழக்கமான வக்காலத்தும் என்னிடம் செல்லாது. 1940இல் ஐ.ஆர்.ஏ.வின் இதழ் ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் விரட்டப்படுவதை மகிழ்ச்சியோடு எழுதியது. ஜெர்மன் படை அயர்லாந்தில் இறங்கினால் விடுதலை அளிக்க வரும் நண்பர்களாக வரவேற்போம் என்று அதன் தலைமை அறிவித்தது. ஆயுதம் மட்டும் வாங்கியவர்கள் இப்படி எழுத வேண்டிய தேவை இல்லை.

திங்கள்: ஃபீனிக்ஸ் பூங்கா

சர்ச்சிலின் முதல் நினைவுகள் டப்ளினைச் சேர்ந்தவை என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. அவருடைய தாத்தா மார்ல்பரோ கோமகன் இங்கே வைஸ்ராயாக இருந்தார். தந்தை தாத்தாவின் செயலாளர். குடும்பம் இந்தப் பூங்காவில் 'லிட்டில் லாட்ஜ்' என்ற வீட்டில் குடியிருந்தது. தாத்தா ஒரு குதிரைவீரன் சிலையைத் திறந்துவைத்த காட்சியும், துப்பாக்கி ஏந்திய சிவப்புச் சட்டைக்காரர்களும் அவர் மனத்தில் நின்ற முதல் படங்கள். சிலைக்குரியவர் கஃப் பிரபு, சீக்கியப் போர்களில் பஞ்சாபை அடித்து நொறுக்கிய தளபதி. சிறுவன் சர்ச்சிலுக்கு மேளம் ஒன்றைப் பரிசளித்த அதிகாரி பர்க், 1882இல் இதே பூங்காவில் புரட்சிக்காரர்களின் கத்திக்கு இரையானார். அயர்லாந்து பற்றி சர்ச்சிலுக்குக் கடைசிவரை இருந்த கோபமும் பாசமும் இங்கே தொடங்கியவைதான் என்று நினைக்கிறேன்.

கஃப் சிலையை இப்போது தேடினால் கிடைக்காது. 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தலையை அறுத்தார்கள். 1957இல் வெடிவைத்தே தகர்த்தார்கள். ஒட்டவைக்கப்பட்ட சிலை இன்று வட இங்கிலாந்தில் ஒரு கோட்டையில் நிற்கிறது. டப்ளின்காரர்களுக்குச் சிலையோடு பேச இரண்டு வழிகள்தான் போலிருக்கிறது: மாலை, இல்லாவிட்டால் ரம்பம்.

அந்த லிட்டில் லாட்ஜ் வீட்டின் பிற்காலக் கதை இன்னும் விசித்திரம். அயர்லாந்தின் முதல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் 1945இல் ஓய்வு பெற்றபோது அரசு அவரைக் குடிவைத்த வீடு அதுதான். ஓய்வுக்குச் சில வாரங்கள் முன்பு ஹைடின் செயலாளர் ஜெர்மன் தூதரிடம் போய் ஹிட்லர் மறைவுக்கு அனுதாபம் தெரிவித்திருக்கிறார். ஆவணங்கள் வழியாக அது வெளியே வந்ததே 2005இல்தான். சர்ச்சில் சிறுவனாக விளையாடிய வீட்டில் ஹிட்லருக்கு அனுதாபம் சொல்ல ஆள் அனுப்பிய ஜனாதிபதி. எந்தக் கதாசிரியர் இதை எழுதினாலும் மிகைப்படுத்துகிறார் என்போம்.

ஐரிஷ்காரர்கள் சர்ச்சிலை ஏன் விரும்புவதில்லை என்று டீக்கடையில் கேட்டால் 1920ஐச் சொல்வார்கள். போர்த்துறை அமைச்சராக 'பிளாக் அண்ட் டேன்ஸ்' என்ற முரட்டுத் துணைப்படையைத் தாங்கிப் பிடித்தவர் அவர். அந்த டிசம்பரில் கார்க் நகரத்தின் நடுப்பகுதியை அரசப் படையினரே கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டு விடுதலை ஒப்பந்தம் பேச, ஐரிஷ் விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் லண்டன் போனபோது மேசையின் மறுபுறம் உட்கார்ந்திருந்தவர்களில் சர்ச்சிலும் ஒருவர். இருவரும் ஒருவரையொருவர் மதித்தார்கள். வின்ஸ்டன் இல்லாமல் எங்களால் எதுவும் செய்திருக்க முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள் என காலின்ஸ் சொல்லியனுப்பியதாகப் பதிவு இருக்கிறது. டீக்கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

பூங்காவின் தென்கிழக்கு மூலையில் மேகசின் கோட்டை. 1939 டிசம்பர் 23 அன்று ஐ.ஆர்.ஏ. இங்கே புகுந்து, அயர்லாந்து ராணுவத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனது. ஒளித்துவைக்க இடம் போதாமல் சில வாரங்களுக்குள் ஏறக்குறைய எல்லாமே பிடிபட்டன. ஆனால் பிரதமர் டி வலேராவின் பொறுமை அதோடு முடிந்தது. நூற்றுக்கணக்கான குடியரசுவாதிகளை விசாரணையின்றி கர்ரா முகாமில் அடைத்தார். 1940 முதல் 1944 வரை ஆறு ஐ.ஆர்.ஏ.காரர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார். கடைசி ஆள் சார்லி கெரின்ஸ். அவரைத் தூக்கிலிட இங்கிலாந்திலிருந்து பியர்பாயின்ட் என்ற தொழில்முறைத் தூக்குக்காரரை வரவழைத்தார்கள். டி வலேராவே 1916இல் ஆங்கிலேயரிடம் மரண தண்டனை பெற்று மயிரிழையில் தப்பியவர்.

செவ்வாய்: டன் லீரி, பிரே

கடலை ஒட்டி ஓடும் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் டன் லீரி. 1945 மே 2 அன்று டி வலேரா வெளியுறவுச் செயலாளரை அழைத்துக்கொண்டு வந்தது இந்தப் பக்கத்து வீடு ஒன்றுக்குத்தான். ஜெர்மன் தூதர் எட்வார்ட் ஹெம்பலின் இல்லம். இன்று பார்க்க ஒன்றுமில்லை. மதில், மரங்கள், நிறுத்திவைத்த கார்கள். கூட வந்த தங்கை மகன் இங்கே வேலைக்கு வந்து குடியேறியவன். கதையைக் கேட்டுவிட்டு, "மாமா, நம் ஊரில் பங்காளிச் சண்டையில் வெட்டுக்குத்து நடந்திருந்தாலும் சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். அது போலத்தானே?" என்றான்.

டி வலேரா சொன்ன காரணமும் ஏறக்குறைய அதுவே. மூன்று வாரங்களுக்கு முன்பு ரூஸ்வெல்ட் இறந்தபோது நாடாளுமன்றத்தையே ஒத்திவைத்தார். ஒருவருக்குச் செய்ததை மற்றவருக்குச் செய்யாமல் இருந்தால் அது நடுநிலை ஆகாது என்பது அவர் கணக்கு. உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அது ஹெம்பலுக்குச் செய்யும் அவமரியாதையாகியிருக்கும் என்று வாஷிங்டனில் இருந்த தன் தூதருக்கு எழுதினார். போர் முழுக்க ஹெம்பல் கண்ணியமாக நடந்துகொண்டார், அமெரிக்கத் தூதர் டேவிட் கிரே அப்படி நடக்கவில்லை என்ற கோபமும் கடிதத்தில் இருக்கிறது. கிரே 1944இல் ஜெர்மன், ஜப்பானியத் தூதரகங்களை மூடச்சொல்லி நெருக்கியவர்.

சாவு வீட்டு மரபு எனக்குப் புரிகிறது. ஆனால் நாஜிகளின் பெல்சன் வதைமுகாம் பற்றிய செய்தி வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்த மே மாதம் அது. அயர்லாந்தில் பத்திரிகைத் தணிக்கை இறுக்கமாக இருந்ததால் அந்தச் செய்திகள் ஊருக்குள் தாமதமாகத்தான் வந்தன, வந்தபோதும் பிரிட்டிஷ் பிரசாரம் என்று தள்ளியவர்கள் உண்டு. மக்களுக்கு அந்தச் சாக்கு பொருந்தலாம். பிரதமர் மேசைக்கு எல்லா நாட்டுச் செய்தியும் வந்துகொண்டிருந்தது. நெறி தவறாதவன் என்று பெயர் எடுக்க விரும்பிய ஒரு பிடிவாதக்காரர், யாருக்காக அந்த நெறியைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மே 13 வெற்றி உரையில் சர்ச்சில், டி வலேரா அரசு ஜெர்மானியரோடும் ஜப்பானியரோடும் கொஞ்சிக் குலாவியது, தேவைப்பட்டிருந்தால் அயர்லாந்தோடு மோதியிருப்போம், வட அயர்லாந்தின் விசுவாசம்தான் தடுத்தது என்று பேசினார். மூன்று நாள் கழித்து டி வலேரா வானொலியில் பதில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. ஜெர்மனி இங்கிலாந்தைப் பிடித்து, பிறகு ஆறு மாவட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டிருந்தால், துண்டாடப்பட்ட அந்த இங்கிலாந்தை சர்ச்சில் ஜெர்மனியோடு சேர்ந்து போருக்கு நடத்திச் சென்றிருப்பாரா என்று கேட்டார். பிரிட்டன் தன்னிடம் வைத்துக்கொண்ட வட அயர்லாந்தும் ஆறு மாவட்டங்கள்தான். நாடே எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு வாரம் முன்பு ஹெம்பல் வீட்டு விஷயத்துக்காக உலகம் முழுக்கத் திட்டு வாங்கிய மனிதர், ஒரே இரவில் மானம் காத்தவரானார். துக்கம் விசாரித்த கதை அந்தக் கைதட்டலில் அமுங்கியது. இன்றும் இந்த ஊரில் போர்க்காலத் தலைவர்களைப் பற்றிய சண்டை பெர்லினை அளவுகோலாக வைத்து நடப்பதில்லை. லண்டனை வைத்தே நடக்கிறது. பெர்லினை வைத்து அளந்தால் ரஸல், டி வலேரா, ஹைட் மூவரையும் பற்றி வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும்.

பிற்பகல் பிரே மலைமுனை. போர்க்கால விமானிகளுக்கு இது நடுநிலை நிலம் என்று காட்டுவதற்காகக் கடற்கரை நெடுக 80க்கும் அதிகமான இடங்களில் கற்களால் 'ஏரே' என்று நாட்டின் பெயரைப் பெரிதாக எழுதிவைத்தார்கள். 2018 கோடையில் புதர் தீப்பிடித்தபோது இங்கே புதைந்து கிடந்த எழுத்து வெளிப்பட்டது. நன்றாக ஏறியும் எனக்குக் கிடைத்தது காற்றும் சாரலும் மட்டுமே.

நடுநிலை என்றாலும் ஒரு பக்கம் சாய்ந்த நடுநிலை. தரையிறங்கிய நேச நாட்டு விமானிகளைச் சத்தமில்லாமல் எல்லை கடத்தி விட்டார்கள். நார்மண்டி படையிறக்கத்தின் நாளைத் தீர்மானிக்க உதவிய வானிலைக் கணிப்புகளில் மேயோ மாவட்டத்து பிளாக்சாட் நிலையத்துடையதும் ஒன்று. பெல்ஃபாஸ்ட் மீது 1941 ஏப்ரலில் குண்டு விழுந்தபோது டி வலேரா தீயணைப்பு வண்டிகளை எல்லைக்கு அப்பால் அனுப்பினார். இதில் பெரும்பகுதியை வெளியே சொல்லாமலே செய்தார். அனுதாபம் தெரிவிக்க மட்டும் பட்டப்பகலில் போனார்.

புதன்: கிளென்கிரீ, லாரா

இங்கே பஸ்ஸை நம்பிப் பயனில்லை. தங்கை மகனின் காரில் விக்லோ மலைகளுக்குள் ஏறினோம். 1798 கலகத்துக்குப் பின் கலகக்காரர்களைத் துரத்த ஆங்கிலேயர் போட்ட ராணுவச் சாலை இது. பழைய படைமுகாமுக்கு அருகில், கைவிட்ட கல்குவாரி ஒன்றில் ஜெர்மன் கல்லறைத் தோட்டம். 1961இல் திறந்தது. 134 பேர். பெரும்பாலும் விமானிகளும் மாலுமிகளும், பலருக்குப் பெயரில்லை.

என்னை நிறுத்திவைத்தவர்கள் அந்தப் படைவீரர்கள் அல்லர். 46 பொதுமக்கள். பிரிட்டன் தன் மண்ணில் இருந்த ஜெர்மானியரையும் இத்தாலியரையும் பிடித்து 'அராண்டோரா ஸ்டார்' கப்பலில் கனடாவுக்கு அனுப்பியது. 1940 ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதைத் தாக்கி மூழ்கடித்தது. கப்பலில் இருந்த ஜெர்மானியரில் நாஜிகளிடமிருந்து ஓடிவந்தவர்களும் உண்டு. உடல்கள் அயர்லாந்தின் கரையில் ஒதுங்கின. சர்ச்சிலின் அரசு பிடித்து அனுப்ப, ஹிட்லரின் குண்டு கொல்ல, டி வலேராவின் நாட்டில் புதைந்தவர்கள். தலைவர்களைத் தராசில் வைக்கிற எந்த விவாதத்திலும் இவர்கள் பெயரைக் கேட்டதில்லை.

அதே தோட்டத்தில் ஹெர்மன் கோர்ட்ஸ். 1940 மே மாதம் பாராசூட்டில் மீத் மாவட்டத்தில் குதித்த உளவாளி. வானொலிக் கருவி தொலைந்தது. பாய்ன் ஆற்றை நீந்தி, நாள்கணக்கில் நடந்து, லாராவில் ஈஸல்ட் ஸ்டூவர்ட்டின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஈஸல்ட்டின் தாயார் குடியரசுவாதிகள் கொண்டாடும் மாட் கான். கணவர் எழுத்தாளர் ஃபிரான்சிஸ் ஸ்டூவர்ட் அப்போது பெர்லினில். ஈஸல்ட் கடையில் கோர்ட்ஸுக்குத் துணி வாங்கிக் கொடுத்தார். அது வழக்குமன்றம் வரை போய், கடைசியில் விடுதலை. ஃபிரான்சிஸ் 1942 முதல் பெர்லின் வானொலியில் ஐரிஷ் மக்களுக்கு உரை நிகழ்த்தினார். அதே மனிதருக்கு 1996இல் அயர்லாந்தின் கலைஞர் பேரவை தன் உச்ச விருதை அளித்தது. அதற்கு வந்த சண்டை பல மாதம் ஓடியது.

கோர்ட்ஸ் ஓராண்டுக்கும் மேல் தலைமறைவாக இருந்தார் என்பதே ஆச்சரியம். ஐ.ஆர்.ஏ.யைப் பற்றி அவருக்கு ஏற்பட்ட வெறுப்பு பெரிது; வாய்ச்சொல் வீரர்கள் என்று எண்ணினார். 1947இல் ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறார்கள் என்றதும் டப்ளினில் சயனைட் விழுங்கினார். அவர் சவப்பெட்டி மேல் ஸ்வஸ்திகா கொடி போர்த்தி, கையை நீட்டி வணக்கம் செய்தவர்கள் டப்ளினிலேயே இருந்தார்கள். முகாம்களின் படங்கள் உலகம் முழுக்க வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு! 1974இல்தான் உடல் இங்கே மாற்றப்பட்டது.

லாராவில் ஆட்டிறைச்சிக் குழம்பு சாப்பிட்டோம். காரம் என்ற ஒன்றை இந்த மலைக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

வியாழன்: கிளாஸ்நெவின்

காலின்ஸ் கல்லறை மேல் வழக்கம் போலப் பூக்குவியல். டி வலேராவுடையது எளிமையானது, பூவும் குறைவு. கேஸ்மென்ட் இங்கேதான் இருக்கிறார். ரஸலை ஆதரிப்பவர்கள் முதலில் இழுப்பது இவரைத்தான். முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் ஆயுதம் கேட்டுப் போன கேஸ்மென்ட் வீரர் என்றால், இரண்டாவது போரில் போனவர் எப்படித் துரோகி? 1916 எழுச்சியின் பிரகடனமே ஐரோப்பாவில் உள்ள வீரமிக்க நேச சக்திகள் என்று ஜெர்மனியைத்தானே சொல்கிறது? கூர்மையான கேள்வி. கெய்சரின் ஜெர்மனியும் ஹிட்லரின் ஜெர்மனியும் ஒன்றல்ல என்பதே என் பதில். ரஸல் அந்த வித்தியாசத்தைப் பார்க்க முயலவே இல்லை. இங்கிலாந்து மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரிந்த நாடு.

நான் தேடி வந்தது ஃபிராங்க் ரயனை. ரஸலோடு அதே நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். இவரோ இடதுசாரி, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வதேசப் படையில் சேர்ந்து பாசிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டவர், ஹராமா சண்டையில் காயம்பட்டவர். 1938இல் பிடிபட்டு மரண தண்டனை பெற்று, பிறகு அது குறைக்கப்பட்டு, பிராங்கோவின் சிறையில் கிடந்தார். அவரை வெளியே கொண்டுவர மாட்ரிட்டில் இருந்த ஐரிஷ் தூதரே ஏற்பாடு செய்தார். அந்த ஏற்பாட்டின் மறுமுனையில் நின்றது ஜெர்மன் உளவுத்துறை. சிறையிலிருந்து வந்தவர் நேராக பெர்லின். ரஸல் இறந்ததும் ஊர் திரும்ப முடியாமல் மறுபடி ஜெர்மனி. காது கேட்கவில்லை, உடல் நலிந்தது, 1944 ஜூனில் டிரெஸ்டனில் முடிந்தார். வேறு பெயரில் புதைக்கப்பட்டிருந்தவரை 1979இல் இங்கே கொண்டுவந்தார்கள்.

ரயனை ஒத்துழைத்தவர் என்று எழுதுகிறவர்கள் உண்டு, கைதி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் கைதி என்பேன். ஆனால் பெர்லினில் அவர் ஜெர்மன் அதிகாரிகளுக்கு அயர்லாந்து பற்றி ஆலோசனை சொன்னார் என்பதையும் அதே வாயால் சொல்ல வேண்டும்.

டி வலேராவின் ராணுவத்திலிருந்து ஏறக்குறைய 5,000 பேர் ஓடிப்போய் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து ஹிட்லரை எதிர்த்தார்கள். திரும்பியபோது அவர்களுக்குக் கிடைத்தது பணிநீக்கமும், ஏழு ஆண்டுகளுக்கு அரசு வேலை கிடையாது என்ற ஆணையும். மன்னிப்புச் சட்டம் வந்தது 2013இல். அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். ரஸலுக்குச் சிலை வந்ததோ போர் முடிந்து ஆறே ஆண்டில்.

சனி: ஸ்கிபரீன்

மேற்குக் கார்க்கின் சிறு ஊர். 1940 ஜூலையில் மூன்று பேர் இந்தக் கரையில் பாய்மரப் படகில் வந்து இறங்கினார்கள். பிரிட்டனுக்குள் நாசவேலை செய்ய ஜெர்மனி அனுப்பியவர்கள். இருவர் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் வளர்ந்த ஜெர்மானியர். மூன்றாமவர் ஹென்றி ஓபெட், லக்னோவைச் சேர்ந்த இந்தியர். வண்டி பிடித்து ஸ்கிபரீன் வந்து, கார்க் நகரத்துக்கு பஸ் ஏறினார்கள். வெடிமருந்துப் பெட்டியோடு கார்க்கில் பிடிபட்டார்கள்.

அந்தக் காலத்து மேற்குக் கார்க்கில் ஓர் இந்திய முகம் எவருடைய கண்ணிலும் படாமல் போகும் என்று பெர்லினில் எந்த மேதாவி முடிவு செய்தார் என்பதே எனக்குத் தீராத வியப்பு. ஐ.ஆர்.ஏ. நம்பிப் போன பேரரசின் உளவுத்துறை இதுதான். நான் கார்க் பஸ்ஸுக்காக நின்ற கால் மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து எந்த ஊர் என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர் மழை நின்றுவிடும் என்று வாக்கும் கொடுத்தார். பஸ் வந்தது, மழை நிற்கவில்லை.